மோட்டார் ரூமுக்கு வெள்ளையடித்தேன்

நல்லது செய்யப் போய் நானே காரியத்தைக் கெடுத்துவிட்டேன். தீர்த்தமலைப் பக்கம் ஆற்றோரத்தில் எங்கள் ஊர். குடிதண்ணீர் மோட்டார் ரூமை வெள்ளம் எட்டாத உயரத்துக்குத் தூக்கிக் கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது. அளந்து எழுத இன்ஜினியர் வருகிறார் என்றதும், ரூம் அசிங்கமாகக் கிடக்கிறதே என்று நானே சுண்ணாம்பு கரைத்து இரண்டு தரம் அடித்தேன். என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ்தான் அங்கே டேங்க் ஆபரேட்டர். அவர் மானம் போகக்கூடாதல்லவா!

இன்ஜினியர் சோபனா மேடம் டேப்பை எடுத்துக்கொண்டு நாலு சுவரையும் சுற்றிவந்தார்.

"கார்த்திகை வெள்ளத்துக் கறை எங்கேங்க?"

"அழுக்கா இருந்துச்சுங்க மேடம். சுண்ணாம்பு அடிச்சுட்டேன்," என்றேன் பெருமையாக.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கறைக்கு மேல் இரண்டடி உயரத்தில் தளம் போடலாமாம். கறை இல்லாவிட்டால் எல்லா ஊருக்கும் போல தரையிலிருந்து மூன்றடிதானாம். போன வெள்ளத்தில் ஸ்டார்ட்டர் பெட்டி நனைந்து, பன்னிரண்டு நாள் ஊரே குடத்தோடு அலைந்தது. மூன்றடி எந்த மூலைக்கு?

"என் தாவாங்கட்டை வரைக்கும் இருந்துச்சுங்க. என் கண்ணால பாத்தேன்."

"கறையைப் பாத்தவங்க சொன்னா எழுத முடியாதுங்க. தண்ணி நின்னப்ப உள்ள இருந்தவங்க யாராச்சும் கையெழுத்துப் போடணும்."

யார் இருப்பார்கள்? அன்று மெயின் சுவிட்சை அணைக்கப் போனது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். முழங்கால் தண்ணீர்தான், உடனே வந்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னவர். அதற்கப்புறம்தான் தண்ணீர் ஏறியிருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன்.

வாசலில் நின்றிருந்த இவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரோரம் போய் நின்றார். கையைக் கழுத்தில் வைத்தார்.

"இங்க இருந்துச்சுங்க மேடம். மெயினை ஆப் பண்ற வரைக்கும் உள்ளதான் நின்னேன். அளந்துக்குங்க."

"கரண்டு இருக்கறப்பவா?"

"ஆமாங்க."

பாவி மனுஷன்! மூன்று மாதமாக இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு என் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறார். மேடம் டேப்பைப் பிடித்தார். நாலடி எட்டு அங்குலம். இவர் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப தளம் ஆறடி எட்டு அங்குலம்," என்று மேடம் எழுதினார்.

"இன்னும் ஓரடி சேத்துப் போடுங்க மேடம்," என்றேன். "இந்தாளு மறுபடியும் எறங்குவாருங்க."