எண்பத்தொரு மதிப்பெண்

அலுவலகத்தில் அவளை ரூல்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதிவறை எழுத்தர். அவளிடமிருந்து ஒரு தாள் வேண்டுமென்றால், பெரிய அதிகாரியே ஆனாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். "நான் யாருன்னு தெரியுமா?" என்று எகிறியவர்களெல்லாம் கடைசியில் பேனாவைத் தேடியிருக்கிறார்கள். இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிப்போனது, ஏணி ஏற முடியாது. அதனால் மேல்தட்டுக் கோப்புகளைப் பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் எடுத்துக் கொடுப்பான். இருவரும் ஒரே தேர்வு எழுதி ஒரே நாளில் வேலைக்கு வந்தவர்கள். பதினோரு வருஷத்தில் ஒரு தாள் தொலைந்ததில்லை.

திங்கட்கிழமை வந்த சுற்றறிக்கை அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது. உடல் ஊனமுற்றவர்களுக்கென்று இருந்த சிறப்புப் பட்டியலை அரசு எடுத்துவிட்டது. இனி தகுதி ஒன்றுதான் கணக்கு. அந்தப் பட்டியலில் வந்தவர்கள், பொதுப் பட்டியலின் கடைசி ஆள் அளவுக்காவது மதிப்பெண் வாங்கியிருந்தால் வேலையில் இருக்கலாம். பதினைந்து நாளில் அதற்கான காகிதத்தைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வீடு.

தகுதியைப் பார்க்காதே என்று அவளா சொன்னாள்? பொதுப் பட்டியல் எழுபத்து நான்கில் முடிந்தது. அவள் வாங்கியது எண்பத்தொன்று. விண்ணப்பத்தில் ஊனம் உண்டா என்று கேட்டிருந்தது, உண்டு என்று எழுதினாள். அதைப் பார்த்ததும் எவனோ ஒரு புண்ணியவான் மதிப்பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளைச் சிறப்புப் பட்டியலில் தள்ளிவிட்டான். அந்தப் பட்டியல்காரர்களுக்கு மதிப்பெண் அனுப்பும் வழக்கமும் இல்லை. 'தேர்ச்சி' என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

அப்படியானால் எண்பத்தொன்று அவளுக்கு எப்படித் தெரியும்? வயிற்றெரிச்சலே அங்கேதான்.

வேறு நகல் இல்லாத மதிப்பெண் பதிவேடுகளை அந்தப் பதிவறையிலேயே பத்து வருஷம் வைத்திருந்துவிட்டு அழிக்க வேண்டும் என்பது விதி. போன வருஷம் அவளுடைய தேர்வின் முறை வந்தது. காகிதம் நறுக்கும் மிஷின் பக்கத்தில் நின்று டைப்பிஸ்ட் பக்கங்களைப் புரட்டினான்.

"அடேயப்பா, எண்பத்தொண்ணா! எனக்கே எழுபத்தாறுதான்க்கா."

அவள் எட்டிப் பார்த்தாள். அவள் பெயர்தான், அவள் எண்தான். பத்து வருஷமாக கேன்டீனில் முதுகுக்குப் பின்னால் 'கால் வாங்கிக் கொடுத்த வேலை' என்று கேட்டுக் கேட்டு, உள்ளுக்குள் அவளே அதை நம்பத் தொடங்கியிருந்தாள். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை தடவிப் பார்த்தாள்.

"இந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சு வீட்டுக்குக் கொண்டு போங்கக்கா. யாரு கேக்கப் போறா?"

"பதிவேட்டுத் தாளை எடுத்தா அதுக்குப் பேரு திருட்டுடா."

தன் கையாலேயே அதை மிஷினுக்குள் விட்டாள். 'ஒரு பக்கமும் விடாமல் என் முன்னிலையில் அழிக்கப்பட்டது' என்று சான்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து டைப்பிஸ்டுடையது.

இப்போது அவனிடமே போய் நின்றாள். "நீ பார்த்ததை ரெண்டு வரி எழுதிக் குடு. போதும்."

அவன் மென்று முழுங்கினான். "என்னன்னுக்கா எழுதுவேன்? ரகசியப் பதிவேட்டைத் திறந்து படிச்சேன்னா? மெமோ என் கைக்கு வரும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குதே. கேட்டா ஞாபகம் இல்லைன்னுதான் சொல்லுவேன், தப்பா நினைக்காதீங்க."

பெரிய அதிகாரி கெட்டவரில்லை. "நீங்க சொன்னா நான் நம்பறேம்மா. ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது? காகிதம் கேக்கறாங்களே."

அவளிடம் இருந்த ஒரே காகிதம் அந்த அழிப்புச் சான்றின் நகல். நீட்டினாள். படித்துவிட்டு, பழக்கதோஷத்தில், "சரியா பண்ணியிருக்கீங்க" என்றார். சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. "மறுபடி தேர்வு எழுதலாமே?"

"முப்பத்தஞ்சு வயசுக்கு மேல எழுத முடியாது சார். எனக்கு நாற்பத்தொண்ணு."

சாயங்காலம் வீட்டுக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "ஒரே ஒரு தாளு. பையில வெச்சிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரிஞ்சிருக்குமே என்று அவள் என்றைக்கும் சொல்லும் பதில் அன்றைக்கு வாயில் வரவில்லை.

பதினைந்தாம் நாள் பொறுப்பை ஒப்படைத்தாள். வாங்கிக்கொள்ள வந்தவன் டைப்பிஸ்ட்தான். பதிவறைக்குள் அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஆளில்லை. அவன் கதவைச் சாத்தினான்.

"எண்பத்தொண்ணுதான்க்கா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றான். கண் கலங்கியிருந்தது.

"எழுதிக் குடுப்பியா?"

தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்படின்னா மறந்துடு." சாவியை மேஜைமேல் வைத்துப் பதிவேட்டை அவன் பக்கம் தள்ளினாள். "பெற்றுக்கொண்டேன்னு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடு."

போட்டான். தேதி சரியா என்று அவள் பார்த்தாள்.

கேன்டீன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். இழுத்து இழுத்து நடந்தவளைப் பார்த்து ஒருத்தர், பாவப்பட்டுத்தான் சொன்னார், "காலால வந்த வேலை, போயிடுச்சு."

அவள் நின்று திரும்பினாள். எண்பத்தொன்று என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே நாலைந்து முகங்கள் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தன. காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.