நாலாவது பிள்ளை

படகுத்துறை நூடுல்ஸ் கடைக்காரி மகளை அதட்டிக்கொண்டிருந்தாள். "ஏ ரெண்டாவது, கிண்ணத்தைக் கழுவுடி. வீட்டுக்கு மூத்தவ மாதிரியா இருக்கே நீ?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த தோவாவின் கை பாதியில் நின்றது. வடக்கே தாய்பின்னிலிருந்து வந்தவள். நெசவாலையில் முப்பது வருடம் துணி எண்ணி ஓய்வு பெற்றவள். கணக்கு உதைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

"மூத்தவங்கறே, ரெண்டாவதுங்கறே. அப்ப முதல் பிள்ளை எங்கே?"

"வடக்கத்தி அக்காவா? எங்க மேக்கோங் பக்கம் தலைச்சனே ரெண்டாவதுதான். முதல் பிள்ளைன்னு கூப்பிட்டா பேய் தூக்கிட்டுப் போயிடுமாம். நீங்க எத்தனாவது?"

"நாலாவது."

"அப்ப இங்க நீங்க அஞ்சாவது. ஆறிடும், சாப்பிடுங்க."

தெற்கத்தியார் ஒருவரையொருவர் ரெண்டாவது, மூணாவது என்று கூப்பிடுவதை அவள் கேட்காதவள் இல்லை. இது எட்டாவது பயணம். ஏதோ செல்லப்பெயர் என்று விட்டிருந்தாள். இப்போது கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பைக்குள் கையை விட்டு மூன்றாவது நோட்டை எடுத்தாள்.

அந்த மூன்று நோட்டுகளும் அவள் அண்ணன் கியெமின் கதை. பதினெட்டு வயதில் போருக்குப் போனவன். பத்தொன்பதில் இறந்ததாக வீட்டுக்கு ஒரு தாள் வந்தது. எங்கே, எந்த நாள் என்று அதில் இல்லை. அவனோடு நடந்தவர்களை ஊர் ஊராகத் தேடிப்போய் அவள் எழுதி வாங்கியிருந்தாள். மலைப்பாதையில் காய்ச்சல்காரக் கூட்டாளியின் மூட்டையையும் சேர்த்துப் பதினொரு நாள் சுமந்தானாம். அட்டைப்பூச்சி என்றால் மட்டும் பயந்து சாவானாம். அதைச் சொல்லிச் சொல்லியே படைப்பிரிவு முழுதும் சிரிக்குமாம். சிரித்தவர்களின் காலிலிருந்து அட்டை பிடுங்கிப் போட்டவனும் அவனேதானாம். கடைசி எட்டு மாதத்துக்கு மட்டும் நோட்டு வெறுமையாக இருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் பழைய வீரர்கள் சேகரித்த ஒரு கல்லறைப் பட்டியல் அவளுக்குக் கிடைத்தது; மூன்றாவது நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். அதில் ஒரு வரி: பெயர் தெரியாது, தாய்பின்காரர், வீட்டில் நாலாவது பிள்ளை, 1972 மழைக்காலம். அதை அம்மாவுக்குப் படித்துக்காட்டிவிட்டு, "நம்ம அண்ணன் மூணாவது. நாலாவது நான்தான், நான் இன்னும் சாகலையே" என்று சிரித்து, அந்த வரியின் மேல் பேனாவால் நீளமாக ஒரு கோடு போட்டிருந்தாள். அம்மா அதற்குப் பிறகு மூன்று வருடம் உயிரோடு இருந்தாள். "கிடைச்சா என் பக்கத்துல கொண்டாந்து வை" என்பதுதான் அவளுடைய கடைசிப் பேச்சு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிய தோவா, கைக்கு வந்ததை அடித்துப் போட்டிருக்கிறாள். படுபாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்தாள்.

பட்டியலில் இருந்த ஊர் அங்கிருந்து இரண்டு மணி நேரம். ஊரார் கைகாட்டிய வாய்க்கால் ஓரத்து வீட்டில் ஒரு பெண் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அறுபத்தாறு வயதிருக்கும். வீட்டுக்கு மூத்தவள், அதனால் ஊருக்கே ரெண்டாமக்கா. தோவா பட்டியலை நீட்டியதும் அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நாலாவதைத் தேடியா வந்தே?"

"அவரு பேரு என்னக்கா?"

"பேரைச் சொல்ல மாட்டான். சொல்லக் கூடாதாம், உத்தரவு. நான் வீட்டுல மூணாவதுன்னான். அப்ப நீ நாலாவதுன்னுட்டாங்க எங்கம்மா. எங்கம்மாவுக்கே எண்ணத் தெரியலேன்னு ஒரு வாரம் சண்டை போட்டான், பாவி. சாப்பாடு வச்சா உடனே கைவைக்க மாட்டான். எங்களையெல்லாம் சாப்பிடச் சொல்லி முடிச்சிட்டு, அவன் வீட்டுல இருக்கறவங்களையும் கூப்பிடுவான். அம்மா சாப்பிடுங்க, அண்ணா சாப்பிடுங்க, அக்கா சாப்பிடுங்க, தோவா சாப்பிடு. தினமும். அந்தத் தோவா யாருடா, உன் ஆளான்னு எங்கம்மா கிண்டுவாங்க. காது சிவந்து போயிடும்."

தோவா மீன் செதில் கிடந்த தரையிலேயே உட்கார்ந்தாள். "நான்தான் தோவா. தங்கச்சி."

ரெண்டாமக்கா அவளையே பார்த்தாள். பிறகு ஈரக்கையைத் துணியில்கூடத் துடைக்காமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்று பிற்பகல் முழுதும் தோவா எழுதினாள். வெள்ளக்காலத்தில் ஊர்ச் சனம் இருபத்தாறு பேர், பாதிக்கு மேல் குழந்தைகள், மரக்கூட்டத்துக்குள் ஒளிந்திருந்தார்கள். ஹெலிகாப்டர் தாழப் பறந்து வட்டமிட்டது. கியெம் எதுவும் சொல்லவில்லை. சின்னப் படகை அவிழ்த்து, எதிர்த்திசையில், திறந்த வாய்க்காலில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறமாதிரி துடுப்புப் போட்டுப் போனான். ஹெலிகாப்டர் அவன் பின்னால் போயிற்று. "வெகு தூரம் இழுத்துட்டுப் போனான். சரியாத் துடுப்புப் போடக்கூட வராது அவனுக்கு" என்றாள் ரெண்டாமக்கா. உடலை ஊர்க்காரர்கள்தான் தேடி எடுத்துவந்து புதைத்தார்கள். பத்தொன்பது வயது. அந்த வயதில் தன் மகனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தது தோவாவுக்கு ஞாபகம் வந்தது. 

அடுத்த வருடம் பிறந்த ரெண்டாமக்காவின் தம்பிக்கு நாலாவது என்று பெயர் வைக்க வேண்டிய முறை. வீட்டில் வைக்கவில்லை. அந்த இடம் போனவனுக்கே என்று அவர்கள் அம்மா சொல்லிவிட்டாள். அதனால் அந்தத் தம்பி ஐந்தாவது. ஐம்பதை எட்டிய ஆள், வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

தோவா தான் அடித்த கோட்டைக் காட்டினாள். தன் அம்மா காத்திருந்ததைச் சொன்னாள். ரெண்டாமக்கா அந்தக் கோட்டை விரலால் தடவினாள். "நாங்க மட்டும் என்ன, உங்க ஊருல எப்படி எண்ணுவாங்கன்னு கேட்டா எழுதிக் கொடுத்தோம்?"

"அக்கா, அவரை நான் எடுத்துட்டுப் போகணும். அம்மா பக்கத்துல இடம் வச்சிருக்கு."

ஐந்தாவதின் முகம் மாறியது. "தோண்டறதா? இங்க ஒருத்தரைப் படுக்க வச்சா வச்சதுதான். எங்கம்மா பக்கத்துல படுத்திருக்கற எங்க அண்ணன் அவரு. வருஷா வருஷம் நான்தான் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கறேன்."

"எங்க பக்கம் எலும்பைக் கழுவி மறுபடி வைக்கறது மகனோட, கூடப்பொறந்தவனோட கடமை, தம்பி. எங்க பொறந்த வீட்டுல இப்ப ஆம்பளைங்க யாரும் இல்லை. நான்தான் இருக்கேன்."

 ரெண்டாமக்கா மீன் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். "நம்ம அம்மாவுக்கு அம்பது வருஷம் மகனா இருந்துட்டான். பெத்தவளுக்குப் பத்தொம்பதுதான். விடுடா" என்றாள்.

அரசாங்கத் தாள்கள் கைக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. ஐந்தாவதே தோண்டினான், வேறு யாரையும் தொட விடவில்லை. எலும்புகளை அரிசிச் சாராயத்தில் கழுவி, சிவப்புத் துணியில் சுற்றி, பெட்டியில் அடுக்கினார்கள். வாடகை வண்டி கிளம்பும்போது ரெண்டாமக்கா சன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு பாலத்துலயும் கூப்பிட மறந்துடாதே. கூப்பிடலேன்னா ஆத்மா தண்ணியைத் தாண்டத் தெரியாம நின்னுடும்."

"தெரியும்க்கா. எங்க பக்கமும் உண்டு."

"இங்க பாலம் ஜாஸ்தி."

அரைக் கிலோமீட்டரில் முதல் வாய்க்கால் வந்தது. பெட்டி தோவாவின் மடியில் இருந்தது. "கியெம் அண்ணா, பாலம் வருது, கூட வாங்க" என்றாள். வண்டி பாலத்தில் ஏறியது.  இந்தக் கரையில் அந்தப் பெயரை யார் கூப்பிட்டார்கள்? அந்தப் பெயருக்கு அவன் திரும்பி எத்தனை காலம் ஆகிறது?

"நிறுத்துங்க. பின்னால எடுங்க" என்றாள். ஓட்டுநர் ஒன்றும் கேட்காமல் பாலம் ஏறிய பக்கத்துக்கே வண்டியைப் பின்னுக்குக் கொண்டுபோனார்.

தோவா சன்னலை முழுதும் இறக்கி, தலையை வெளியே நீட்டி, தெற்கத்தி இழுவையில், கரை முழுதும் கேட்கும்படி கூப்பிட்டாள். "நாலாவதண்ணா, பாலம் வருது, வா."

கீழே படகில் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு கிழவர் நிமிர்ந்து பார்த்தார். வண்டியில் பெட்டியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். வண்டி மெல்லப் பாலத்தைக் கடந்தது. அதற்குள் அடுத்த வாய்க்கால் தெரிந்தது.