ஹீட்டர் இருந்த இடம்

குளியலறைச் சுவரில் சில ஓட்டைகளும், மூடி போட்ட இரண்டு குழாய் முனைகளும் மட்டும் இருந்தன. காலையில் அவள் வேலைக்குப் போகும்போது அங்கே ஹீட்டர் இருந்தது.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்ற கால்களோடு வந்தவள் அப்படியே கதவில் சாய்ந்துகொண்டாள்.

"வீட்டு ஓனர் ஆளோட வந்தாரும்மா," இடுப்பு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த மாமியார் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தாள். "கேட்டா, 'என் பொருள், நான் எடுக்கறேன்'ங்கறாரு. நல்ல வேளை, கட்டில் நம்மளோடது. இல்லேன்னா என்னையும் சேர்த்துத் தூக்கியிருப்பாரு."

அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. இப்படித்தான் முதலில் கண்ணாடி போனது; பிறகு கூடத்து மின்விசிறி. இரண்டு முறையும் அவள் கணவன், "விடு, எதுக்கு வம்பு" என்றான். எலக்ட்ரீஷியன். ஊரார் வீட்டுக்கெல்லாம் கரண்ட் கொடுப்பவனுக்கு ஓனர் முன்னால் மட்டும் ஃபியூஸ் போய்விடும்.

மின்விசிறி போனபோதே அவள் வாடகைதாரர் சங்கத்தில் விசாரித்திருந்தாள். வாடகை ஒழுங்காகக் கொடுக்கிறவர்களின் வீட்டிலிருந்து, குடிவரும்போது இருந்த எதையும் கேட்காமல் கழற்றக் கூடாது, எழுதிக் கொடுங்கள், நாங்கள் பேசுகிறோம் என்றார்கள். கணவனிடம் சொன்னாள். "பார்க்கலாம்" என்றான்.

அவன் வந்ததும் சுவரைக் காட்டினாள். "இனிமே அத்தைக்கு அடுப்புல சுட வச்சு நான்தான் தூக்கணும். அப்புறம் என் இடுப்பும் போயி, அந்தக் கட்டில்ல ரெண்டு பேர் படுக்க வேண்டியதுதான்."

அவன் பதில் சொல்வதற்குள் மாடியிலிருந்து ஓனர் குரல் வந்தது. "தம்பி! பையை எடுத்துட்டு மேல வா. பொண்ணு கைக்குழந்தையோட வர்றா. அந்த ஹீட்டரை மாட்டிக் குடுத்துடு."

"நம்மகிட்டயேவா!" மாமியார் வாயில் கை வைத்தாள்.

அவன் பையை எடுத்தான். அவளுக்குச் சண்டை போடவும் உடம்பில் ஒன்றுமில்லை. அவன் பின்னால் படித் திருப்பம் வரைக்கும் போய் நின்றாள்.

ஹீட்டர் மாடி வாசலில் கிடந்தது. அவன் பையை இறக்கி வைத்தான்.

"மாட்டித் தரேன் சார்."

"அதுக்குத்தானே கூப்பிட்டேன்."

"இருந்த இடத்துல."

"என்ன தம்பி, விளையாடறியா? என் பொருள் அது."

"உங்க பொருள்தான் சார். அதையும் சேர்த்துத்தானே வாடகை பேசினோம்? அம்மாவால பச்சைத் தண்ணில குளிக்க முடியாது. இல்லேன்னா சங்கத்துல எழுதிக் குடுத்துடுவேன்." கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "பாப்பாவுக்குப் புதுசு வாங்கிட்டு வாங்க. இன்னிக்கே மாட்டறேன். கூலி வேணாம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த மனிதனுக்கு முதுகெலும்பு நிமிர்ந்தாலும் தள்ளுபடி விலையில்தான் நிமிரும்.

"காலி பண்ணச் சொல்லிடுவேன்."

"அதுக்கும் ஒரு முறை இருக்கு சார்," என்றாள் அவள், படியிலிருந்தே.

ஓனர் இருவரையும் பார்த்தார். கழற்றிய ஆள் போய்விட்டான்; இந்த நேரத்தில் வேறு ஆள் எங்கே பிடிப்பது? குனிந்து ஹீட்டரைப் பிடித்தார். "ஒரு பக்கம் பிடி. கனமா இருக்கு."

மாமியார் வெந்நீரில் குளித்துத் தூங்கிய பிறகு, கூடத்தில் விசிறி போன வெறும் கொக்கிக்குக் கீழே அவன் தரையில் மல்லாந்து கிடந்தான். அவள் அருகில் உட்கார்ந்து வீங்கிய கால்களை அவன் மேல் போட்டாள்.

"உங்களுக்கு வாய் இருக்கா?"

"இருந்துச்சு. தீர்ந்துபோச்சு."

"விசிறியையும் கேக்கணும்."

"கேக்கறேன்," என்றான், கண்ணைத் திறக்காமலே.

'பார்க்கலாம்' என்று அவன் சொல்லவில்லை. அவள் அங்கேயே தலை சாய்த்தாள்.