அலமாரி மேலிருந்த மணி

அம்மாவின் இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டு பாஸ்டர் குனிந்தபோது, அம்மா மறுபடியும் அதையேதான் சொன்னாள்.

"ஸ்தோத்திரம்."

தொண்டை கட்டிப் பாதி காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"பாத்தீங்களா?" பாஸ்டர் கண்களைத் துடைத்தபடி நிமிர்ந்தார். "புருஷன் பெட்டிக்குள்ள இருக்காரு. இந்த நேரத்துலயும் இந்தம்மா வாயில வேற வார்த்த வரல."

'வேற வார்த்த வராது பாஸ்டர், அதான் வியாதி' என்று நாக்கு நுனிவரை வந்ததை மகள் விழுங்கிக்கொண்டாள். சக்கர நாற்காலியில் சரிந்திருந்த அம்மாவைத் தூக்கி நேராக உட்காரவைத்தாள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. பெட்டியையும் பார்க்கவில்லை. சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மாதத்துக்கு முன்பு வரை அந்த வீட்டில் அம்மாவின் பெயரே ரேடியோதான். அப்பா வைத்த பெயர். ஊரெல்லாம் ஒயரிங் வேலை பார்த்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றும்போதே, "ரேடியோவ ஆன் பண்ணியாச்சா?" என்பார். பக்கவாதம் வந்து அம்மா ஐசியூவில் கிடந்த பத்தொன்பது நாளும் அப்பா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்காலில் பைபிளோடு உட்கார்ந்திருந்தார். மகளுக்கும் அப்போது பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருக்கவில்லை. இருபதாம் நாள் காலையில் அம்மா வாயைத் திறந்தாள். "ஸ்தோத்திரம்" என்றாள். அப்பா நர்சின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வராந்தாவில் நின்று குழந்தை மாதிரி அழுதார். அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னது மகள்தான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் மட்டும் சந்தோஷப்படவில்லை. "பேச்சு மொத்தமா போனாலும் சில பேருக்குப் பழகின ஜெபம், பாட்டு, திட்டு இப்படி ஏதாவது ஒண்ணு மிஞ்சும் சார். அவங்க என்ன சொல்ல நெனச்சாலும் அதுதான் வரும்."

"திட்டு மிஞ்சியிருந்தா என் கதி என்னம்மா? கர்த்தர் பாத்துத்தான் விட்டுவச்சிருக்காரு" என்று அப்பா சிரித்தார். "என்ன, இனிமே நம்ம ரேடியோவுல ஒரே ஸ்டேஷன்தான்."

"சிரிக்காதீங்க சார். கைக்கு எட்டுற மாதிரி ஒரு பெல் வைங்க."

அப்பா அன்றைக்கே வாங்கிவந்தார். ஒயர் இல்லாத மணி. பொத்தான் அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில். சத்தம் வரும் பெட்டி சமையலறை பிளக்கில். ஒரு வாரம் இருந்தது. பிறகு ஜெபக்குழு வந்தது. அதில் மூத்த சிஸ்டர் பொத்தானைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "கர்த்தர் வாயத் தொறந்துட்டாருன்னு சாட்சி சொல்லிட்டு, மணியும் வச்சுக்கிட்டா எப்படி பிரதர்?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவர்கள் போனதும் அப்பா சத்தப்பெட்டியைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, பொத்தானோடு சேர்த்து மகளிடம் நீட்டினார். "மேல போட்டுடு பாப்பா. நாமளே நம்பலன்னா எப்படி?" அவள் மறுபேச்சில்லாமல் ஸ்டூல் போட்டு ஏறி அலமாரி மேல் வைத்தாள்.

முந்தாநாள் மதியம் ஒரு மணிக்கு மகள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது, அப்பா சமையலறையில் அடுப்புக்கு முன்னால் தரையில் மல்லாந்து கிடந்தார். கட்டிலில் அம்மா கண் திறந்து, சத்தமில்லாமல் கிடந்தாள். "ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். வீட்ல யாருமே இல்லையா?" என்றார் டாக்டர். இல்லை என்று இவள் தலையாட்டினாள்.

இப்போது மாடிவீட்டு அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"பாப்பா, இதச் சொன்னா உனக்கு ஆறுதலா இருக்கும்னுதான் சொல்றேன். உங்கப்பா சும்மா போகல. ஜெபத்துலயே போயிருக்காரு."

"என்னக்கா?"

"நான் கேட்டேனே! பத்தரை மணியிலேர்ந்து அம்மாவோட குரல். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னு. அப்பப்பா, என்ன ஒரு வைராக்கியம்! அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதே இல்ல. பன்னெண்டு வரைக்கும் விடவே இல்லையே. உங்க ஜெபத்துக்கு எடஞ்சலா இருக்கக் கூடாதுன்னு நான் டிவியக்கூட ஆஃப் பண்ணிட்டேன்."

மகள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்த முகம்.

"அப்புறம் நின்னுடுச்சா?"

"ஆமா. குரல் கம்மிப்போய் அப்படியே நின்னுடுச்சு. முடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

அம்மாவின் கட்டில் கிடந்த இடத்திலிருந்து சமையலறை நேராகத் தெரியும். அடுப்பு தெரியாது. அதன் முன்னாலிருக்கும் தரை தெரியும்.

"நன்றிக்கா" என்றாள் மகள்.

பெட்டியை மூட ஆட்கள் வந்துவிட்டார்கள். கடைசி ஜெபத்துக்குப் பாஸ்டர் எல்லோரையும் கிட்டே அழைத்தார். மகள் உள்ளறைக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அலமாரி மேலிருந்த மணியில் தூசி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். சத்தப்பெட்டியைச் சமையலறை பிளக்கில் செருகினாள். சின்னதாய்ப் பச்சை விளக்கு எரிந்தது. கூடத்துக்கு வந்து அம்மாவின் இடது உள்ளங்கையில் பொத்தானை வைத்து விரல்களை மூடினாள். அம்மா முதலில் அதைப் பார்த்தாள். அப்புறம் இவளைப் பார்த்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக.

"கண்ண மூடுவோம்" என்றார் பாஸ்டர். "ஆண்டவரே, மரண நேரத்திலும் உம்மையே துதித்த இந்தக் குடும்பத்துக்காக..."

சமையலறையில் மணி அடித்தது.

பாஸ்டர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். மறுபடி அடித்தது. மறுபடி. பின்வரிசையில் யாரோ கண்ணைத் திறந்து, "யாருப்பா அது பெல் அடிக்கிறது? கதவு தொறந்துதானே இருக்கு" என்றார்கள். மாடிவீட்டு அக்கா செருப்புகளைத் தாண்டி வாசலுக்கு ஓடினாள்.

அம்மாவின் கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தது. மகள் கண்ணை மூடவில்லை.

"வாசல்ல யாரும் இல்லையே" என்று அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.