அக்கரையில் போர் இல்லை

தாய்லாந்தில் உடோன் விமானதளத்து வாசலுக்கு எதிரே எங்கள் சலவைக்கடை. அமெரிக்கர்கள் கம்யூனிஸ்டுகளை அடிக்க வந்த பிறகு ஊரில் யாருக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. என் தங்கை கம்பாய் மேகாங் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லாவோஸ் மலையில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே போரே இல்லை என்றுதான் வானொலி சொன்னது. ஆனால் கனத்த வயிற்றோடு கிளம்பிய விமானங்கள் ஆற்றைத் தாண்டித்தான் போயின. வரும்போது இலேசாக வந்தன.

ஒருநாள் காலை தங்கை புருஷன் புன்தெம் மகள் லாமுனோடு வாசலில் வந்து நின்றார். எலும்பும் தோலுமாக இருந்தார்கள். தண்ணீர் மொள்ளப் போனேன். அதற்குள் விமானங்கள் எழும்பின. அவர் பிள்ளையை வாரிக்கொண்டு இஸ்திரி மேசைக்கடியில் பாய்ந்தார்.

"என்ன மாப்ளே, பொண்டாட்டி விளக்குமாத்தோட வர்றாளா?" என்று இஸ்திரி போடும் புவா சிரித்தாள்.

அவர் வெளியே வரவில்லை. பிள்ளை சத்தம் வராமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தது. புவாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"இந்தச் சத்தந்தான் அண்ணி. இதேதான்" என்றார் புன்தெம் மேசைக்கடியிலிருந்து.

ஊர் எரிந்துவிட்டதாம். மிச்சமிருந்தவர்கள் குகையில். பகலில் அடுப்பு மூட்டினால் புகையைப் பார்த்து வருவார்களாம்.

"கம்பாய் எங்க தம்பி?"

"எங்கம்மாவால நடக்க முடியல. அவங்களப் பாத்துக்க கம்பாய் குகையிலயே இருந்துட்டா. பிள்ளைய உங்ககிட்ட விட்டுட்டு வாங்கன்னு என்னை அனுப்பிட்டா."

அந்நேரம் பார்த்து 'கொக்கு' வந்தான். நெட்டையான அமெரிக்க விமானி, நாங்கள் வைத்த பெயர். எங்கள் பப்பாளிக்காய்க் காரக் கலவையைத் தின்று கண்ணீர் விடுவான், மறுபடி கேட்பான். லாமுனுக்கு மிட்டாய் நீட்டினான்.

"இவரு என்ன வேல பாக்கறாரு?" என்றார் புன்தெம்.

"சமையக்காரரு" என்றேன். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

நான் மடித்துக் கொடுத்த விமானி உடுப்பை அவர் பார்த்தார். மறுநாளே லாமுனை என்னிடம் விட்டுவிட்டு மலைக்குக் கிளம்பினார்.

"மழை வரட்டும் தம்பி. மழையில இந்த விமானங்க அவ்வளவா போகாது."

"அதுவரைக்கும் குகை இருக்கணுமே அண்ணி."

சில வாரம் கழித்துக் கொக்கு சொட்டச் சொட்ட நனைந்து வந்தான். கடைசிப் பறப்பு முடிந்ததாம். கூட்டாளிகள் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடினார்களாம். ஊருக்குப் போகிறான்.

"மேலேருந்து பாத்தா கீழ ஆளுங்க தெரிவாங்களா?" என்று கேட்டேன்.

"ஆள் இல்ல அக்கா. காடு. காடு மட்டும்."

பொய் சொல்கிற முகம் இல்லை அது.

மழை முடிந்ததும் அந்த மலையிலிருந்து தப்பி வந்த ஒருவர் சொன்னார்: குகை வாயில் குண்டு விழுந்து மூடிவிட்டது. உள்ளே இருந்தவர்களில் யாரும் வெளியே வரவில்லை. புன்தெம் அதற்கு முன்பே குகைக்குத் திரும்பியிருந்தாரா, வழியிலேயே செத்தாரா, வந்தவருக்குத் தெரியவில்லை.

"கடைய மூடிடலாம்" என்றேன் என் புருஷனிடம்.

"மூடிட்டு?"

லாமுனைக் கூட்டிக்கொண்டு தெற்கே என் மாமன் வயலுக்குப் போய்விட்டேன். என் புருஷன் வரவில்லை. புதிதாக நிறைய விமானிகள் வந்திருப்பதாகவும், இன்னும் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருப்பதாகவும் சொல்லியனுப்பினார்.