சாம்பல் பட்ட மாப்பிள்ளை

நாகரசம்பட்டி நாராயணப்பன் வீட்டில் அன்றைக்கு அம்மனுக்குக் கிடா வெட்டி விருந்து. ஐம்பத்தைந்தாம் வருஷம், மாங்காய்க் காலம். பந்தியில் முதல் இலை யாருக்கு என்பதில் அந்த வீட்டில் சந்தேகமே வந்ததில்லை. பெரிய மாப்பிள்ளை கோவிந்தப்பனுக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து மாமனாரின் தோப்பைத் தன் தோப்பாய்ப் பார்த்துக்கொள்கிறவன் அவன். வேட்டியை மடித்துக்கொண்டு அவன் பாட்டுக்கு முதல் இலைக்குப் போனான். மாமனார் தோளைத் தொட்டார்.

“மாப்ள, இன்னைக்கு மட்டும் சின்னவரு அங்க உக்காரட்டும். கப்பல்ல இருந்து வந்திருக்காரில்ல.”

சின்னவர் சென்னகிருஷ்ணன், இளைய மகள் ராஜாத்தியின் புருஷன். சரக்குக் கப்பலில் வேலை. அவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்ததால் லீவு போட்டு வந்திருந்தான். கோவிந்தப்பன் இரண்டாவது இலையில் உட்கார்ந்தான். கறி நல்ல கறிதான். அவனுக்கு மண்ணாக இருந்தது.

போதாக்குறைக்குப் பந்தி முழுக்கச் சின்னவன் கதைதான். ஏதோ ஒரு வல்லரசு கடலில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததாம். காற்று திசைமாறி, அந்தச் சாம்பல் வேறு நாட்டு மீன்பிடிப் படகு ஒன்றின்மேல் கொட்டிவிட்டதாம். படகிலிருந்தவர்களுக்கு வாந்தி, தோலெல்லாம் எரிச்சல். ரேடியோவில் அபயம் கேட்டார்களாம்.

“யாரு மொதல்ல போனது?” என்றார் மாமனார்.

“கிட்டத்துல இருந்த எல்லாருந்தான் மாமா. எங்க கப்பலு அவங்கள ஏத்திக்கிச்சு. இன்னொரு தேசத்துக் கப்பல்ல இருந்து டாக்டரு வந்தாரு. துணியெல்லாம் கழட்டிப் போட்டு, சோப்பு போட்டுக் குளிப்பாட்டினோம். பொறவு எங்களயும் குளிக்க வெச்சு, மிஷின வெச்சுப் பாத்தாங்க. ஒண்ணுமில்லன்னு தெரிஞ்ச பின்னாடிதான் வுட்டாங்க. அந்த டாக்டரு தேசமும் படகுக்காரங்க தேசமும் முந்தி சண்ட போட்ட தேசங்க. கடல்ல அதையெல்லாம் யாரும் கேக்கல.”

எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். கோவிந்தப்பனுக்கு வயிறு பற்றி எரிந்தது. வெயில் மழை பாராமல் தண்ணீர் கட்டி, கிளி விரட்டிக் காவல் காக்கிறவன் இங்கே இருக்க, நாலு பேரைக் குளிப்பாட்டிவிட்டு வந்தவனுக்கு முதல் இலையா? இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

போச்சம்பள்ளிச் சந்தையில் போய்ச் சொன்னான். அதுவும் ஒரே ஒரு ஆளிடம்தான். “எங்க சகலைக்கு அந்தச் சாம்பலு ஒடம்புல ஏறிடுச்சு. தொட்டா ஒட்டிக்குமாம். வெளிய சொல்லிடாத.” ஊருக்கெல்லாம் ஒரு சேதியைச் சொல்ல இதைவிட நல்ல வழி உண்டா? பொழுது சாய்வதற்குள் அது தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் சென்னகிருஷ்ணன் கிணற்றடிக்கு வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். கோவிந்தப்பன் நிம்மதியாகத் தூங்கினான்.

புதன்கிழமை மத்தியானம் ராஜாத்திக்கு வலி கண்டது. சென்னகிருஷ்ணன் தின்றுகொண்டிருந்த களியைப் பாதியில் வைத்துவிட்டு, பிரசவம் பார்க்கிற பாப்பம்மா வீட்டுக்கு ஓடினான். அவள் கதவையே திறக்கவில்லை.

கோவிந்தப்பனின் பெண்சாதி பூவம்மாள் தோப்புக்கு ஓடிவந்தாள். “புள்ள குறுக்கால கெடக்குதுங்க. வண்டியில கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியாது. பாப்பம்மா வரமாட்டேங்குறா. எவனோ ஒரு பாவி என்னமோ சொல்லி வெச்சிருக்கான். என் தங்கச்சி செத்துருவாங்க.”

அந்தப் பாவி கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டான். ராஜாத்தி இதில் வருவாள் என்று அவன் நினைக்கவே இல்லை. ஓடிப்போய்ப் பாப்பம்மா கதவைத் தட்டினான்.

“எனக்கும் பேரப்புள்ளைங்க இருக்குதுப்பா,” என்றாள் அவள் உள்ளிருந்தே. “சந்தையே சொல்லுது.”

“சந்தையில சொன்னவன் நாந்தான். பொய்யி. மொத எலைய அவனுக்குப் போட்டாங்கன்னு வயித்தெரிச்சல்ல சொன்னேன்.”

“இப்ப சொல்றது பொய்யில்லன்னு என்ன நிச்சயம்? கொழுந்தியா உசுருக்காவ என்ன வேணும்னாலும் சொல்லுவ.”

“நீயே வந்து பாரு.”

அவள் நாராயணப்பன் வாசல்வரை வந்து, அதற்குமேல் நகரவில்லை. கோவிந்தப்பன் உள்ளே போய்ச் சகலை பாதி தின்ற களித்தட்டை எடுத்துவந்தான். பெண்சாதிகூடத் தின்ன யோசிக்கிற எச்சில். பெரிய மாப்பிள்ளை அதை மாமனாரும் தெருச்சனமும் பார்க்க, பிசைந்து வழித்துத் தின்றான். ஏன் தின்கிறான் என்பதையும் அவன் வாயாலேயே எல்லாருக்கும் சொன்னான். சென்னகிருஷ்ணன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாப்பம்மா சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

பிள்ளையைத் திருப்பி எடுக்க வெகுநேரமாயிற்று. அழுகைச் சத்தம் கேட்டபோது கோவிந்தப்பன் வாசலிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பாப்பம்மா கையைக் கழுவ வெளியே வந்தாள்.

“பொட்டப்புள்ள. ரெண்டு உசுரும் தப்பிச்சுது. இன்னும் செத்த நேரம் போயிருந்தா தப்பிச்சிருக்காது.” சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். “குண்டுச் சாம்பலு வுழுந்தவனத் தேடி, மொவந்தெரியாதவன் தேசம் வுட்டு தேசம் வந்து தூக்கினான். ஒன் பொறாம வுழுந்த வூட்டுக்குப் பக்கத்துத் தெருவுல இருக்கற நான் வரல. பொறாமையில ஒருத்தன ஊர வுட்டு ஒதுக்கறதும் கொலதான்யா. அதக் கேட்டுக்கிட்டுக் கதவச் சாத்தறதும் கொலதான். எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”