டிவி சரியாகிவிட்டது

என் கணவருக்கும் அவர் தங்கைக்கும் பேச்சு நின்றுபோனதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் நான் என்றைக்கோ பேசித் தீர்த்து வைத்திருப்பேன்.

என் நாத்தனார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடேயே இருந்தாள். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தது இவர்தான். சின்ன வயதில் 'வாலு' என்று கூப்பிட ஆரம்பித்தவர், அவளுக்கு நாற்பது தாண்டித் தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அப்படித்தான் கூப்பிட்டார். அந்த வாலுவுக்குக் கடலோர ஊர் ஒன்றில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதை என்னிடம் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள், அண்ணனிடம் மட்டும் பெட்டி கட்டி முடித்த பிறகு சொன்னாள். முன்னாலேயே சொன்னால் போக விடமாட்டார் என்று பயம்.

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம் எனக்கு எதுக்கு சொல்ற?" என்று கேட்டுவிட்டு இவர் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். அவ்வளவுதான் சண்டை. கத்தலும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இவர் அவள் பேரை எடுப்பதில்லை. அவளும் என்னிடம் பேசுவாளே தவிர, "அண்ணாகிட்ட குடுங்க" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பிடிவாதத்தில் இரண்டும் ஒரே அச்சு. நடுவில் நான் மென்று விழுங்கிக்கொண்டு கிடந்தேன்.

எங்கள் வீட்டில் தனியாக டிவி கிடையாது. பழைய கம்ப்யூட்டர்தான் டிவி. விரல் நீளத்தில் ஒரு டியூனரை அதில் செருகி, மொட்டை மாடி ஆன்டெனாவிலிருந்து வருகிற வயரை மாட்டினால் சேனல்கள் வரும். இதெல்லாம் வாலு செய்துவைத்த ஏற்பாடு. கம்ப்யூட்டரில் இருக்கிற டிவி சாஃப்ட்வேரில் ஒரு தடவை 'தேடு' என்று அமுக்கினால் போதும், அது காற்றில் என்னென்ன வருகிறது என்று தேடிப் பிடித்து ஒரு பட்டியல் போட்டுவிடும். அந்தப் பட்டியலை இவர் தன் இஷ்டத்துக்கு வரிசைப்படுத்தி வைத்திருந்தார். முதலில் செய்தி, இரண்டாவது பழைய பாட்டு, மூன்றாவது கால்பந்து. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். மயிரிழை இடம் மாறினாலும் அவருக்குப் பொறுக்காது.

வாலு போய் சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒரு நாள் கம்ப்யூட்டரைப் போட்டால் எந்த சேனலை அமுக்கினாலும் 'சிக்னல் இல்லை'. பட்டியலும் தலைகீழாகக் கிடந்தது. முதல் இடத்தில் செய்திக்குப் பதிலாக மிருகங்களைக் காட்டுகிற சேனல்.

"யாரு இதைத் தொட்டது?" என்றார் என்னைப் பார்த்து.

"எனக்கு அதுதான் வேலை பாருங்க. ஆறு ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்கக் கிடக்கு. உங்க சேனலை மாத்தத்தான் உட்கார்ந்திருக்கேன்" என்றேன்.

மாடிக்குப் போனார். ஆன்டெனாவை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கீழே வந்து 'தேடு' அமுக்கினார். எல்லா சேனலும் வந்தன. பழையபடி வரிசைப்படுத்திவிட்டுக் கால்பந்து பார்த்தார். மறுநாள் மறுபடியும் அதே கதை. சிக்னல் இல்லை, முதல் இடத்தில் மிருகம். எதிர்வீட்டு மரத்தைத் திட்டினார், மேகத்தைத் திட்டினார், வயர் விற்ற கடைக்காரரின் வம்சத்தையே கரித்துக்கொட்டினார். பிறகு ஒரு கட்டத்தில் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

அதுதான் எனக்குப் புரியவில்லை. காலையில் பல் தேய்த்த கையோடு கம்ப்யூட்டரைப் போடுவார். சிக்னல் இல்லை என்று வந்ததும், "பாத்தியா, மறுபடியும் போச்சு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து டீ குடிப்பார். சாயங்காலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி, சீட்டியடித்தபடி ஆன்டெனாவைத் தொட்டுவிட்டு வந்து, 'தேடு' அமுக்கிச் சரிசெய்வார். கெட்டுப் போனதில் இந்த மனுஷனுக்கு என்ன அப்படி ஒரு சந்தோஷம் என்று நான் தையல் மெஷினோடு பேசிக்கொள்வேன். ஆனாலும் வாலு போனதிலிருந்து உம்மென்று இருந்தவர் சீட்டியடிக்கிறாரே, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் வாலு போன் செய்தாள். அவர் கடையில் இருந்தார்.

"அண்ணி, உங்க வீட்டு டிவி தினமும் கெட்டுப் போகுதுன்னு சொன்னீங்களே. எனக்கும் அப்படித்தான். காலையில டூட்டி முடிஞ்சு வந்து சாப்பிடறப்போ போட்டா ஒண்ணுமே வராது. மறுபடி தேட வைக்கணும். என் டியூனர்தான் போச்சுன்னு நினைச்சேன். இன்னைக்குத்தான் மண்டையில ஏறிச்சு."

அவள் சொன்னது இதுதான். தன் லேப்டாப்பிலும் அவள் அதே சாஃப்ட்வேரைப் போட்டு, இங்கே வைத்திருந்த அதே அக்கவுன்ட்டில் நுழைந்திருக்கிறாள். அதனால் இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே பட்டியல். ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் டவர் வேறு, அலைவரிசை வேறு. காலையில் அவள் அங்கே தேட வைத்தால் எங்கள் ஊர்ப் பட்டியல் அழிந்து அவள் ஊர்ப் பட்டியல் வந்து உட்காரும். சாயங்காலம் இவர் தேட வைத்தால் அவளுடையது அழியும். இத்தனை நாளும் அண்ணனும் தங்கையும் ஒருவர் எழுதியதை ஒருவர் அழித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் நெஞ்சை என்னவோ செய்தது. பேச்சே இல்லாத இரண்டு பேர் தினம் தவறாமல் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

"இடத்துக்கு ஒரு பட்டியல்னு தனித்தனியா வச்சுக்க வழி இருக்கு அண்ணி. நான் சொல்றதை அமுக்குங்க, பிரிச்சிடலாம்."

"இப்பவே பிரிக்கணுமா? இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே."

"ஏன்?"

என்ன சொல்வது? உன் அண்ணன் இதில்தான் சீட்டியடிக்கிறார் என்றா? "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றேன்.

"முட்டி வலியோட தினமும் மாடி ஏறி இறங்கறாருன்னு நீங்கதானே சொன்னீங்க. அதுக்காகத்தான் பிரிக்கிறேன். எனக்கென்ன, ஒரு பட்டனை அமுக்கினா வந்துட்டுப் போகுது."

அதற்குமேல் நான் எப்படி மறுப்பது? அவள் சொல்லச் சொல்ல அமுக்கினேன். இடத்தின் பெயர் என்ன என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"வீடுன்னு போடுங்க" என்றாள்.

"உன்னோடதுக்கு என்ன போட்டிருக்க?"

"இதுக்கென்ன, வெறும் ரூம்தானே. ரூம்னு போட்டிருக்கேன்."

'தேடு' அமுக்கி, இவர் வரிசைப்படியே சேனல்களை அடுக்கிவிட்டுப் போனை வைத்தேன். கொஞ்ச நேரம் தையல் ஓடவில்லை. ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் இவர் வந்தார். கம்ப்யூட்டரைப் போட்டார். செய்தி வந்தது. இரண்டை அமுக்கினார், பாட்டு வந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். மறுநாள் காலையிலும் எல்லாம் வந்தன.

"வேலை செய்யுது" என்றார், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்கிற குரலில்.

"நல்லதாப் போச்சு. இனிமே மாடி ஏற வேண்டாம்."

டீயை ஆறவிட்டு, ஏடு படிந்ததும் அப்படியே வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் எல்லா சேனலும் பளிச்சென்று வந்தன. அன்றைக்குக் கடைக்குக் கிளம்பியவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"உன் போன் வேலை செய்யுதா?"

"நல்லாத்தான் செய்யுது."

"யாராவது பேசினாங்களா?"

"யாராவதுன்னா யாரு?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை மாதம் கழித்தும் பேரைச் சொல்ல வாய் வரவில்லை பாருங்கள். "அவளைக் கேக்கறீங்கன்னா ரெண்டு நாளா பேசலை. நைட் டூட்டி பாத்த அசதியா இருக்கும். தெரிஞ்சுக்கணும்னா நீங்களே கேளுங்க. எனக்கு இதுக்கெல்லாம் யாரும் சம்பளம் தர்றதில்ல."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். யாருக்கோ தேய்த்த லென்ஸ் கைதவறி உடைந்துவிட்டதாம். இருபது வருஷத் தொழிலில் அவர் லென்ஸ் உடைத்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம், டிவி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, மாடிக்குப் போய் ஆன்டெனா பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். சீட்டிச் சத்தம் இல்லை. சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டார். செய்தி வந்தது. அணைத்துவிட்டுத் தன் போனை எடுத்தார். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. ரொம்ப நேரம் அடித்தது.

"அண்ணா?" என்றது தூக்கக் கலக்கமான குரல்.

இவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு, "என் டிவி ஏன் சரியா வேலை செய்யுது?" என்று கத்தினார்.

"என்னது?"

"எல்லா சேனலும் வருது! செய்தி வருது, பாட்டு வருது, ஒண்ணும் கெடலை. என்ன பண்ணின நீ?"

"பிரிச்சு வச்சேண்ணா. உங்க ஊருக்குத் தனி, இந்த ஊருக்குத் தனி. நான் இங்க தேட வச்சா உங்களோடது அழிஞ்சு போகுது, அதான்..."

"அது எனக்குத் தெரியும்."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"தெரியுமா?"

"பின்ன? நம்ம ஊர்ல எங்க துறைமுகம் இருக்கு? லிஸ்ட்ல துறைமுகச் செய்தின்னு ஒரு சேனல் வந்து உட்கார்ந்தா எனக்குத் தெரியாதா? அதுவும் மிருகத்தை முதல்ல வைக்கிற ஆள் உலகத்துல வேற யாரு இருக்கா?"

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு அண்ணா தினமும் மாடி ஏறினீங்க?"

இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதன் காதை மடக்கினார், விரித்தார். கத்தல் எல்லாம் எங்கே போனதோ, அடுத்த வார்த்தை கரகரத்து வந்தது.

"காலையில அது மாறியிருந்தா நீ டூட்டி முடிஞ்சு பத்திரமா வந்து சேந்துட்டேன்னு அர்த்தம். அதைப் பாத்துட்டுத்தான் டீ குடிப்பேன். மூணு நாளா மாறலை. நான் என்னன்னு நினைக்கிறது, சொல்லு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நான் வந்துட்டுத்தான் இருக்கேண்ணா. தினமும் ஒழுங்கா வந்துட்டுத்தான் இருக்கேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அவள், "மறுபடியும் கெடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

இவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் பார்ப்பதைப் பார்த்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பெரிய ரகசியம்.

"வேண்டாம், முட்டி வலிக்குது. வந்ததும் எனக்கு ஒரு போன் போடு, வாலு."

"ஆறரைக்கா? அந்த நேரத்துல நீங்க தூங்கிட்டு இருப்பீங்களே."

"நீ போனதுலேருந்து நான் என்னைக்கு ஆறரைக்குத் தூங்கியிருக்கேன்?"

பக்கத்தில் படுத்துக்கிடக்கிற எனக்கே அது தெரியாது.